ஓர் ஆள் படுக்க இரண்டடி



கொஞ்சம் நீளமான பதிவு. லொறி, கெப், பட்டா வைத்து வியாபாரம் செய்பவர்கள், சாரதியும் உதவியாளரும் வைத்து வேலை வாங்குபவர்கள் கட்டாயம் கடைசிவரை வாசியுங்கள். மற்றவர்களும் வாசிக்கலாம். நம் வீட்டுக்கு வரும் மரக்கறியும் உடுப்பும் பெரும்பாலும் இரவில்தான் பயணம் செய்கின்றன.

போன தவணை விடுமுறையில் நாங்கள் எங்கும் சுற்றுலா போகவில்லை. கொட்டாஞ்சேனையில் ராத்தா வீட்டு ஒழுங்கையில் மச்சானின் பழைய சிங்கிள் கெப்பை நிறுத்தி, அதன் பின்பெட்டிக்குள் பலகையால் ஒரு தட்டு அடித்தோம். கீழே சாமான் வைக்கப் பெட்டிகள், மேலே ஆள் படுக்க இடம். ஐந்து நாள் வேலை. படத்தைக் குடும்ப வட்ஸ்அப் குழுமத்தில் போட்டதும், "என்ன சேர், கேம்பிங் போறீங்களா?" என்று கேள்விகள் வந்தன. வெள்ளவத்தையில் எங்களோடு படிப்பிக்கும் ஆசிரியர்களும் அதையே கேட்டார்கள்.

அவர்கள் கேட்டதில் பிழையில்லை. அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் இப்படித் தட்டு அடித்துக்கொண்டு காட்டுக்கும் கடற்கரைக்கும் போகிறவர்கள் ஏராளம். எங்களுக்கு இது பொழுதுபோக்கு இல்லை. ஏன் அடித்தோம், எப்படி அடித்தோம், இதை ஏன் எல்லா முதலாளிமாரும் செய்ய வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

மச்சான் புறக்கோட்டையில் பிள்ளைகளின் உடுப்பும் பிளாஸ்டிக் சாமானும் மொத்தமாக எடுத்து, குருநாகல், தம்புள்ளை, கெக்கிராவைப் பக்கத்து வாரச் சந்தைகளில் விற்கிறார். கூட ஒரு பொடியன் போகிறான். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை, இருபது வயது. கெப் மச்சானின் பெயரில் இருந்தாலும் அதில் எங்கள் வீட்டு நகையும் இருக்கிறது. கணக்குப் புத்தகம் எழுதுவதும் நாங்கள்தான். ஆசிரியர் என்பதால் அந்த வேலையை எங்களிடம் தந்துவிட்டார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஏனென்றால் இந்தப் பதிவில் வரும் பிழைக்கு வேறு எந்த முதலாளியும் பொறுப்பில்லை. நாங்கள்தான் முதலாளி.

கடந்த வருடம் ஒரு சந்தை நாள். அன்று மச்சான் அதிகாலை நாலரைக்கு எழுந்து, சுபஹ் தொழுதுவிட்டு, வாகனத்தை எடுத்தார். வெயிலில் நாள் முழுக்க வியாபாரம். இரவு பொதிகளைக் கட்டி ஏற்றும்போது பத்து மணி தாண்டிவிட்டது. லொட்ஜில் தங்கினால் அன்றைய இலாபத்தில் பெரிய துண்டு போய்விடும். வாகனத்தில் கிடக்கும் சாமானுக்கும் காவல் இல்லை. ஆகவே திரும்பி வந்தார்கள். விடியப்புறம் மூன்றரை மணிக்கு, குருநாகலைத் தாண்டிய ஓர் இடத்தில், மச்சானின் கண் ஒரு நொடி மூடியது. கெப் வீதியை விட்டு இறங்கி ஒரு கிலோமீற்றர் கல்லில் மோதி நின்றது. மச்சானுக்குக் கீறல் மட்டும். பின்னால் உடுப்புப் பொதிகளின் மேல் படுத்துக்கொண்டு வந்த பொடியன் தூக்கி எறியப்பட்டு மணிக்கட்டு முறிந்தது. உயிர் போகவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

மூன்றாம் நாள் அவன் தாய் தொலைபேசியில் எடுத்தார். எங்களைத் திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "சேர், எம் புள்ள ராவுல எங்கதான் படுக்கிறான்?"

எங்களுக்குப் பதில் தெரியவில்லை. கணக்குப் புத்தகத்தில் டீசல் இருக்கிறது. சந்தைக் கூலி இருக்கிறது, கயிறு, பொலித்தீன், டீக்காசு எல்லாம் இருக்கிறது. அந்தப் பிள்ளை எங்கே படுக்கிறான் என்பது மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை.

அதற்குப் பிறகு கொஞ்சம் தேடி வாசித்தோம். 1997ல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் ஒரு சோதனை செய்து வெளியிட்டார்கள். 17 மணித்தியாலம் தொடர்ந்து விழித்திருக்கும் ஒருவரின் கவனமும் கை வேகமும், இரத்தத்தில் 0.05 சதவீதம் மதுசாரம் உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது. 24 மணித்தியாலம் ஆகும்போது அது ஏறத்தாழ 0.10 சதவீதத்துக்குச் சமமாகிறது. நம் நாட்டில் சாரதிக்குச் சட்டம் வைத்திருக்கும் எல்லை 0.08.

மச்சான் நாலரைக்கு எழும்பியவர். மூன்றரைக்கு 23 மணித்தியாலம் ஆகிவிட்டது. வாழ்நாளில் ஒரு சொட்டு மதுவைத் தொடாத மனிதர். எங்கள் ஊர்ச் சாரதிமார் குடிக்க மாட்டார்கள் என்று நாங்கள் பெருமையாகக் கதைக்கிறோம். அந்தப் பெருமையோடு அவர்களைக் குடித்தவனின் நிலையில் வீதிக்கு அனுப்புகிறோம். பொலிஸ்காரர் வாயில் குழாயை வைத்து ஊதச் சொன்னால் மது அகப்படும். நித்திரை அகப்படாது.

நாட்டில் வருடம் தவறாமல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீதி விபத்துகளில் இறக்கிறார்கள். விடியப்புறம் இரண்டு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில்தான் மனித உடம்பு நித்திரையை அதிகம் கேட்கும். நம் சரக்கு வாகனங்கள் வேகமாக ஓடுவதும் அந்த நேரத்தில்தான்.

வாகனத்தில் படுப்பது என்றால் என்னவென்று இந்த நாட்டுக்கே 2022ல் தெரிந்தது. அந்த வருடம் ஜூன் 27 நள்ளிரவிலிருந்து ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள். கிவ்ஆர் முறை வரும்வரை நாள்கணக்கில் வரிசை. பாடசாலையும் மூடிக் கிடந்ததால் நாங்களும் மச்சானும் முறை வைத்து இந்தக் கெப்பில் காவல் கிடந்தோம். ஸ்டியரிங்கில் தலை வைத்தும், சீட்டில் குறுகியும், பின்பெட்டித் தகட்டில் அட்டைப்பெட்டியை விரித்தும் படுத்துப் பார்த்தோம். மூன்றாம் நாள் முதுகும் முழங்காலும் எங்களுடையவை போலவே இல்லை. அந்த ஜூன் மாதத்தில்தான் அங்குருவாதொட்டையில் ஐந்து நாள் வரிசையில் நின்ற 63 வயது லொறிச் சாரதி ஒருவர் தன் வாகனத்துக்குள்ளேயே இறந்து கிடந்தார். செய்தியை வாசித்து எல்லோரும் அழுதோம். வரிசை முடிந்தது, மறந்துவிட்டோம். ஆனால் சரக்கு வாகனத்தில் வேலை செய்கிறவருக்கு அந்த வரிசை முடியவே இல்லை. அவர் இன்றும் அப்படித்தான் படுக்கிறார்.

இப்போது தட்டுக்கு வருவோம். தச்சுவேலையில் எங்களுக்குத் தெரிந்தது பென்சிலால் கோடு போடுவது மட்டும். பக்கத்து வீட்டு அண்ணன் தச்சர். கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழாவுக்குப் பந்தல் போடுகிறவர். அவர்தான் வழிநடத்தினார். இரும்புச் சாமானைப் பழைய சோனகத் தெருவில் எடுத்தோம். வாகனத்துக்குரிய கொளுக்கிகளும் இறப்பர்த் துண்டுகளும் பஞ்சிகாவத்தையில் கிடைத்தன. செய்ய நினைப்பவர்களுக்காக விபரமாகவே எழுதுகிறோம்.

1. அளவு. எங்கள் கெப்பின் பின்பெட்டி உள்நீளம் 7 அடி 5 அங்குலம். அகலம் 5 அடிக்குச் சற்றுக் குறைவு. ஆனால் பின் சில்லுகளுக்கு மேலே இரு பக்கமும் தகடு உள்ளே வீங்கி நிற்பதால் அந்த இடத்தில் அகலம் மூன்றரை அடிதான். வெறும் தகட்டில் இரண்டு பேர் நேராகப் படுக்க முடியாமல் போவது அதனால்தான். தட்டை அந்த மேடுகளுக்கு மேலே, 12 அங்குல உயரத்தில் போட்டால் முழு அகலமும் கிடைத்துவிடும். டபுள் கெப் வைத்திருப்பவர்களுக்கு நீளம் ஐந்தடிதான் வரும். ஆறடி ஆள் குறுக்குமூலையாகத்தான் படுக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்கதவைத் திறந்து அதன் மேலும் பலகை நீட்ட வேண்டும்.

2. பலகை. 18 மில்லிமீற்றர் பிளைவுட், 8 அடிக்கு 4 அடி, இரண்டு தாள். முதல் தாளை நீளவாக்கில் இரண்டடி, இரண்டடி என்று பிளந்தோம். இரண்டாவதை மூன்றடி, ஓரடி என்று பிளந்தோம். ஒரு இரண்டடித் துண்டும் அந்த மூன்றடித் துண்டும் தட்டாகிவிட்டன. மிஞ்சிய துண்டுகளில் பெட்டிகள் செய்தோம். ஒரு தாளின் எடை முப்பது கிலோவுக்கு மேல். சட்டங்களையும் சேர்த்தால் ஒரு பாரமான ஆள் கூட ஏறியதற்குச் சமம். அந்த அளவு சுமையைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

3. சட்டம். தட்டுக்குக் கீழே நீளவாக்கில் மூன்று தாங்கிகள். குறுக்கே 16 அங்குலத்துக்கு ஒரு சட்டம். இதைவிட இடைவெளி கூடினால் பலகை நாளடைவில் தொய்யும் என்று அண்ணன் சொன்னார். வாகனத் தகட்டில் ஓர் ஓட்டையும் போடவில்லை. கயிறு கட்டும் கொளுக்கிகளிலேயே பொல்ட் போட்டு இறுக்கினோம். கடல் காற்றுப் படும் ஊரில் புது ஓட்டை போட்டால் அங்கிருந்துதான் துரு தொடங்கும். இன்னொரு காரணமும் உண்டு. கழற்றக்கூடிய பலகை வேறு, வாகனத்தின் அமைப்பை மாற்றுவது வேறு. நிரந்தரமாகப் பொருத்த நினைப்பவர்கள் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

4. பெட்டிகள். மேடுகளுக்கு நடுவே இருக்கும் மூன்றரை அடியில் இரண்டு வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. ஏழடி நீளத்துக்கு ஒரே பெட்டி செய்தால் நிரப்பிய பிறகு இரண்டு பேர் சேர்ந்தாலும் இழுக்க முடியாது. உள்ளே இருக்கும் பெட்டிக்கு ஒரு கயிறு கட்டி வெளியே விட்டோம். உருளை, தண்டவாளம் எதுவும் வாங்கவில்லை. அடிச்சட்டத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தோம், வழுக்கிக்கொண்டு வருகிறது. சில்லு மேடுகளுக்கு முன்னும் பின்னும் உள்ள பொந்துகளில் ஜக்கி, கயிறு, தண்ணீர்க் கேன். சாரதி ஆசனப் பக்கம் ஒரு தடுப்புப் பலகை கட்டாயம் வேண்டும். சடுதியாகப் பிரேக் அடித்தால் பெட்டிகள் முன்னே பாயும்.

5. படுக்கை. பலகையில் ஓர் அங்குல ஓட்டைகள் வரிசையாகப் போட்டு அதன்மேல் மெல்லிய தும்பு மெத்தை. ஓட்டை இல்லாவிட்டால் வியர்வை அடியில் தேங்கி ஒரு மாதத்தில் பூஞ்சணம் பிடிக்கும். மேலே இரும்புக் குழாய் வளைவுகளில் தறப்பாள். முன்னும் பின்னும் நான்கு அங்குலம் காற்றுப் போக விட்டு, உள்ளே நுளம்பு வலை. டெங்கு இருக்கும் நாட்டில் வலை இல்லாத படுக்கை படுக்கையே இல்லை. சாமானுக்கும் ஆளுக்கும் இடையில் ஒரு மறிப்புச் சட்டமும் கயிற்று வலையும். பொதி சரிந்து முகத்தில் விழக்கூடாது.

6. கவனம். வாகனம் ஓடும்போது ஒருவரும் அதில் படுக்கக்கூடாது. இது நிறுத்திய பிறகு படுக்கும் இடம். பொடியனின் மணிக்கட்டு எங்களுக்குப் படிப்பித்த பாடம் அது. எஞ்சினை ஓடவிட்டுப் படுக்க வேண்டாம். புகையில் உள்ள காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. பெற்றோல் கேன், காஸ் அடுப்பு எதையும் படுக்கைக்குக் கீழே வைக்காதீர்கள். பின்கதவை உள்ளிருந்து திறக்க முடிய வேண்டும். எங்கள் கெப்பில் அது முடியாததால் தாழ்ப்பாளை விட்டுவிட்டு உள்ளே அவிழ்க்கக்கூடிய பட்டி ஒன்றால் கட்டினோம். ஹபரணைப் பக்கம் யானை கடக்கும் வீதியோரத்தில் நிறுத்தவே வேண்டாம், அதுவும் பழங்கள் ஏற்றியிருந்தால்.

மொத்தச் செலவு இரண்டு டயர் மாற்றும் காசுக்குள் முடிந்தது. தட்டுக்குக் கீழே ஏற்றிய உடுப்பு மழையில் நனையாது என்பதும் பிறகுதான் தெரிந்தது. பின்பெட்டித் தரையில் தண்ணீர் தேங்கினாலும் பெட்டி சட்டத்தின் மேல் நிற்கிறது. கீழ்ப்பொதி நனைந்து அரைவிலைக்குக் கொடுத்த நாட்கள் எங்கள் கணக்கில் பல உண்டு.

இத்தனையும் சொன்னோமே, உண்மையான கஷ்டம் பலகையில் இல்லை. அது ஐந்து நாளில் முடிந்தது. ஆறாம் நாள் சாமான் ஏற்றும்போதுதான் வந்தது.

தட்டின் அகலம் ஐந்தடி. அதில் மூன்றடியில் பொதி, இரண்டடியில் ஆள் என்பது திட்டம். போகும்போது சாமான் நிறைந்திருக்கும். அந்த இரண்டடி வெறுமையாகக் கிடப்பதைப் பார்த்ததும் மச்சான், "இதுலயும் ரெண்டு பொதி போடலாமே மச்சான், வரும்போது எப்படியும் இடம் இருக்குமே" என்றார். எங்கள் கையும் தானாகக் கணக்குப் புத்தகத்துக்குத்தான் போனது. இரண்டு பொதி, வாரத்துக்கு மூன்று சந்தை, மாதத்துக்கு இவ்வளவு. நல்ல தொகைதான்.

அங்கேதான் எல்லாப் படுக்கையும் தோற்றுப்போகிறது. படுக்க இடம் இல்லாமல் இல்லை. இடத்தைச் சாமானுக்குக் கொடுத்துவிடுகிறோம். சாமானுக்குத் தறப்பாள், கயிறு, பூட்டு, காவல். மனிதனுக்கு மிஞ்சினால் இடம். மிஞ்சுவதேயில்லை.

அமெரிக்காவில் லொறியில் நித்திரைக்கென்று இடம் வைத்தால் அது எவ்வளவு இருக்க வேண்டும் என்று சட்டத்திலேயே அளவு எழுதியிருக்கிறார்கள். நீளம் 75 அங்குலம், அகலம் 24 அங்குலம், உயரம் 24 அங்குலம். இதை வாசித்தபோது எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. உலகத்தின் பணக்கார நாடு ஒன்று ஆகக் குறைந்தது என்று சொல்லும் அகலம், கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் நாங்கள் கொடுக்க மனமில்லாமல் நின்ற அதே இரண்டடிதான்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் பார வாகனச் சாரதி நாலரை மணித்தியாலம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு எடுத்தே ஆக வேண்டும். நாளாந்த ஓய்வு சாதாரணமாக 11 மணித்தியாலம். வாராந்த நீண்ட ஓய்வை வாகனத்துக்குள் எடுக்கவே கூடாது, ஒழுங்கான தங்குமிடம் கொடுக்க வேண்டும். பக்கத்து இந்தியாவில் 2025 முதல் தயாராகும் நடுத்தர, பார லொறிகளின் சாரதி அறைக்குக் குளிரூட்டி கட்டாயம். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோட்டில் லொறிக்குக் கூடு கட்டுகிறவர்கள் சாரதி ஆசனத்துக்குப் பின்னால் ஒரு நீட்டுப் பலகை வைப்பது பழைய வழக்கம். ஒருவர் ஓட்ட, மாற்றுச் சாரதி அதில் சாய்ந்துகொள்வார். நம் நாட்டுக்கு வரும் சின்னக் கெப்புக்கும் பட்டாவுக்கும் அந்தப் பலகைக்கு இடமில்லை. இரண்டு ஆசனம், பிறகு கண்ணாடி, பிறகு சாமான்.

இது வெளிநாட்டுக்காரன் படிப்பித்துத் தெரிய வேண்டிய விடயமும் இல்லை. கண்டி இராச்சிய காலத்தில் பொதிமாடுகளில் உப்பும் கருவாடும் பாக்கும் ஏற்றி இறக்கிய தவளக்காரர்களில் பெரும் பங்கு எங்கள் முன்னோர். அவர்கள் போன பாதைகளில் அம்பலங்கள் இருந்தன. குருநாகல் மாவட்டத்தில் பனாவிட்டிய அம்பலம் இன்றும் நிற்கிறது. நாலு பக்கமும் மரச்சட்டம், நடுவில் கூரை. வழிப்போக்கன் யாரானாலும் உட்காரலாம், படுக்கலாம். தமிழ்ப் பிரதேசங்களில் மடங்களும், தலைச்சுமையை இறக்கிவைக்கச் சுமைதாங்கிக் கற்களும் இருந்தன. அதை வைத்தவர்கள் சுமையை நினைக்கவில்லை, சுமப்பவனை நினைத்தார்கள். மாட்டுக்குக்கூட அங்கே தண்ணீர் இருந்தது. இன்று வீதி அகலமாகிவிட்டது, வாகனம் வேகமாகிவிட்டது, அம்பலம் சுற்றுலாப் பயணி படம் எடுக்கும் இடமாகிவிட்டது.

"எங்கட வாப்பாமார் மூட்டைக்கு மேலதானே படுத்தாங்க" என்று ஒரு பெரியவர் சொன்னார். உண்மைதான். அந்த வாப்பாமாரில் எத்தனை பேர் ஐம்பது வயதில் முதுகை வளைத்துக்கொண்டு நடந்தார்கள் என்பதையும் பார்த்திருக்கிறோம். அவர்கள் தாங்கினார்கள் என்பதற்காக நாம் அதைப் பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டியதில்லை.

"லொட்ஜ் எடுத்துக் கொடுங்கள், வாகனத்தில் ஏன் படுக்க வைக்கிறீர்கள்?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். நியாயம். முடிந்தவர்கள் அதைத்தான் செய்ய வேண்டும். ஒரு தட்டு, அறைக்கு ஈடாகாது. கழிப்பறை இல்லை, குளிக்க இடமில்லை, வெப்ப நாளில் பத்து மணிவரை வியர்க்கும். ஆனால் சின்ன வியாபாரிக்கு நாளாந்தம் அறை எடுப்பது முடியாத காரியம். அறைக்கும் மூட்டைக்கும் நடுவில் ஒன்று வேண்டும். அதற்காகத்தான் பலகை. பலகை இருக்கிறதே என்று ஓய்வு நேரத்தைக் குறைக்கும் முதலாளி இதைச் செய்யாமலே இருக்கலாம்.

பாடசாலை திறந்ததும் தரம் 8 பிள்ளைகளுக்குப் பரப்பளவு பாடம். கரும்பலகையில் கெப்பின் படத்தை வரைந்து, இரண்டு தாள் பிளைவுட் கொடுத்து, எப்படி வெட்டினால் வீணாகாது என்று கேட்டோம். 64 சதுர அடியில் தட்டுக்குப் போவது ஏறத்தாழ 37, மீதி 27 என்று சத்தமாகக் கணக்குப் போட்டார்கள். நாங்களும் மகிழ்ச்சியாக நின்றோம். அப்போது பின்வாங்கில் ஒரு பிள்ளை, "எங்கட வாப்பா ஸ்டியரிங்ல தலைய வச்சிட்டுத்தான் தூங்குவார் சேர், அவருட லொறிக்கும் இத அடிக்கலாமா?" என்று கேட்டான். இன்னொருவன் தன் மாமாவைச் சொன்னான். முப்பத்தைந்து பிள்ளைகளில் ஏழு பேரின் வீட்டில் இரவில் வாகனம் ஓட்டும் ஒருவர் இருந்தார். ஒருவர்கூட ஒழுங்கான இடத்தில் படுப்பதில்லை. பரப்பளவு பாடம் அன்று அதோடு முடிந்தது.

உங்களுக்குக் கீழ் வேலை செய்பவர்கள் உங்கள் சகோதரர்கள், நீங்கள் உண்பதை உண்ணவும் உடுப்பதை உடுக்கவும் கொடுங்கள், தாங்க முடியாததைச் சுமத்தாதீர்கள் என்ற கருத்தில் வரும் நபிமொழியை நாங்கள் குத்பாவில் எத்தனை முறை கேட்டிருப்போம்? சாப்பாட்டில் நம்மவர்கள் குறை வைப்பதில்லை. ஒரே சஹனில் கை வைக்கவும் தயங்குவதில்லை. நித்திரையில்தான் தவறவிட்டோம். நாம் மெத்தையில் படுக்க, அவர்கள் சாமானின் மேல் படுக்கிறார்கள். இது எங்கள் சமூகத்தின் பிழை மட்டும் இல்லை. ஆனால் வீட்டைக் கூட்டத் தொடங்குகிறவர் தன் வீட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள்.

முதலாவது, வாகனம் வைத்திருக்கும் முதலாளிமாருக்கு. அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய் உங்கள் வாகனத்தின் பின்பெட்டியை அளந்து பாருங்கள். பலகை அடியுங்கள். அடித்த பிறகு அந்த இரண்டடியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நாங்கள் எங்கள் கெப்பில் அந்த இடத்துக்குச் சிவப்பு மையால் கோடு போட்டிருக்கிறோம். கோட்டைத் தாண்டிப் பொதி வரக்கூடாது. பண்டிகைக் காலத்திலும் வரக்கூடாது. இரவு பத்துக்குப் பிறகு சந்தையிலிருந்து புறப்படக்கூடாது என்பதும் இப்போது எங்கள் சட்டம். படுத்து எழுந்து, முகம் கழுவி, உடம்பு முழுமையாக விழித்த பிறகுதான் சாவி.

இரண்டாவது, பள்ளி நிர்வாகங்களுக்கு. கொழும்பிலிருந்து குருநாகல், தம்புள்ளை, மதவாச்சி வரை பிரதான வீதியோரம் எத்தனை பள்ளிவாசல்கள்! இஷாவுக்குப் பிறகு வுழூச் செய்யும் இடத்தையும் கழிப்பறையையும் மூடிவிடாமல், வளவில் நாலு வாகனம் நிறுத்த அனுமதித்து, ஒரு மின்குமிழை எரியவிட்டால் போதும். எந்த மதத்துச் சாரதியாக இருந்தாலும் சரி. முசாபிருக்கு இடம் கொடுத்த சமூகம் நாம். கோயில், விகாரை, தேவாலய நிர்வாகங்களிடமும் இதே வேண்டுகோள்தான்.

மூன்றாவது, அதிகாரிகளுக்கு. தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம், பேலியகொடைச் சந்தை, வாரச் சந்தைக் காணிகள் என்று சரக்கு வாகனம் கூடும் ஒவ்வோர் இடத்திலும் சாரதிகள் காசில்லாமல் படுக்கவும் குளிக்கவும் சுத்தமான இடம் வேண்டும். சரக்கு வந்து சேர வேண்டும் என்று திட்டம் போடுகிறவர்கள், அதைக் கொண்டுவருபவரையும் அந்தத் திட்டத்தில் எழுத வேண்டும்.

தட்டு அடித்த பிறகு முதல் பயணம் தம்புள்ளைக்கு. பொடியனின் கை சுகமாகித் திரும்பி வந்த முதல் பயணமும் அதுதான். இரவு பத்தரைக்கு வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. நுளம்பு வலைக்குள் கால் நீட்டிப் படுத்திருக்கிறான். பக்கத்தில் சிவப்புக் கோடு தெரிகிறது. "நானா முன்னுக்கு சீட்ல படுக்கிறாரு சேர், நாளைக்கு அவருக்கு மேல, எனக்கு சீட்டு" என்று எழுதியிருந்தான். ஆளுக்கொரு நாள் என்று அவர்களே முறை வைத்துக்கொண்டார்கள். அதாவது ஒருவர் இன்னும் சீட்டில்தான். வேலை முடியவில்லை என்பது எங்களுக்கும் தெரியும். மூன்றடிப் பக்கத்தையும் எப்படி விடுவது என்று இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

அந்தப் படத்தை அவன் தாய்க்கும் அனுப்பச் சொன்னோம். அவர் கேட்ட கேள்விக்கு எங்களிடம் இருந்த முதல் பதில் அதுதான்.

வாசித்த முதலாளிமார் லைக் போடுவதற்கு முன்னால் ஒரு கோல் எடுங்கள். உங்கள் வாகனம் இப்போது எங்கே நிற்கிறது, அதில் போன பொடியன் எங்கே படுக்கிறான் என்று கேளுங்கள்.